மலைமேல் இருந்த மஞ்சள் பைகள்

என் கையெழுத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏலக்காய்ச் சாக்குகளின் மேல் மை தொட்டு ஊர்ப் பெயர் எழுதிப் பழகிய கை இது. தாளில் எழுதினாலும் சாக்கில் எழுதுவது போலவே எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. ஒரு வரியில் நாலு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் காயை உலர்த்தி மூட்டையாக எங்களிடம் இறக்குவார்கள். வெளியூர் வியாபாரிகளிடம் அதை விற்றுக்கொடுப்பது கடையின் வேலை. ஆரம்பத்தில் நான் மூட்டை தூக்கினேன். பிறகு முதுகு ஒத்துழைக்காததால் முதலாளி என்னை உள்ளே உட்கார வைத்தார். மூட்டையிலிருந்து ஒரு கை காயை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் படம் எடுக்க வேண்டும். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தத் தோட்டக்காரருக்கு உரிய போல்டரில் போட வேண்டும். மற்றதைக் கணக்குப் பார்க்கும் பெண் பார்த்துக்கொள்வார், அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் பி.காம். படித்தவர். சாயங்காலம் அந்தப் படங்களை வியாபாரிக்கும், அந்தந்தத் தோட்டக்காரரின் போனுக்கும் அனுப்பிவிடுவார்.

நான் உள்ளே உட்கார்ந்த நாள் முதல் மூட்டை தூக்குகிறவர்கள் என்னைக் ‘கம்ப்யூட்டரு’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். “கம்ப்யூட்டரு, வெயில்ல வந்துராத, கருத்துருவ” என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன். பதில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வேன். சேர்த்துப் படிக்க வராது. கம்ப்யூட்டரில் எல்லாப் பெயரும் இங்கிலீஷில்தான் இருந்தன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பழைய கம்ப்யூட்டரின் திரையில் முதலில் ஒரு பச்சை மேடும் நீல வானமும் இருந்தன. அது எந்த ஊர் மேடோ. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வேலையை விட்டுப் போவதற்கு முன், அதை எடுத்துவிட்டு எங்கள் மலையின் படத்தை வைத்து, எந்தப் போல்டர் யாருடையது என்றும் ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். கடை மாடியிலிருந்து மேற்கே பார்த்து எடுத்தது. வலது பக்கம் குரங்கணிச் சரிவு, நடுவில் மலையேறி மெட்டுக்குப் போகும் ரோடு, இடது பக்கம் தேவாரத்துக்கு மேலே உள்ள மலை. போல்டர் என்பது திரையில் சின்ன மஞ்சள் பை போலத் தெரியும். அதை மவுஸ் என்கிற எலியால் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம் என்று ஒரு நாள் கண்டுகொண்டேன். யாருக்கு எந்தச் சரிவில் தோட்டமோ, அந்த இடத்தில் அவருடைய பையை வைத்தேன். ராசிங்காபுரத்துக்காரர்கள் சிலருக்குத் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். அவர்களை மலை உச்சிக்கு மேலே வானத்தில் வரிசையாக வைத்தேன். அதன் பிறகு எனக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. மூட்டை எங்கிருந்து இறங்கியதென்று தெரிந்தால் போதும், கை தானாக அந்த இடத்துக்குப் போகும். வருடக்கணக்கில் ஒரு படம்கூட மாறியதில்லை.

இதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டவர் குரங்கணியிலிருந்து வரும் ஒரு தோட்டக்காரர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். எங்களுக்குள் சொந்தமெல்லாம் கிடையாது. ஜீப்பில் மூட்டை இறக்கியதும் என் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் பேசாவிட்டாலும் அவருக்குக் குறையில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

“எங்க மாப்ளே என் வீடு?”

நான் திரையில் தொட்டுக் காட்டுவேன்.

“இங்கயா? ஏப்பா, இது பாறைக்காடுல்ல. காட்டுமாடுகூட நிக்காது. கொஞ்சம் மேல தள்ளி வை, அங்கதான் தண்ணி இருக்கு.”

நான் கொஞ்சம் மேலே தள்ளி வைப்பேன். அடுத்த முறை வந்து, “ரொம்ப மேல போயிட்டேன், குளுருது” என்பார். மறுபடியும் இறக்குவேன். நான் விளையாட்டாக, பிரியத்தால் அப்படி வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். பிரியமும் இருந்தது. ஆனால் அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்பது அவருக்குத் தெரியாது.

சென்ற ஆடியில், புதுக்காய் வரத் தொடங்கும் நேரத்தில், பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. முதலாளி புதிது வாங்கினார். அதைப் பூட்டிக் கொடுக்க வந்தவர் பழையதிலிருந்த போல்டர்களை எல்லாம் இதில் ஏற்றிவிட்டு, “எல்லாம் அப்படியே இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதுவும் அப்படியே இல்லை. இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. காலையில் திறந்ததும் ரகசிய எண் கேட்டது. அதற்குப் பின்னால் தினம் ஒரு படம், ஒரு நாள் பனிமலை, ஒரு நாள் எந்த நாட்டு ஏரியோ. கீழே ஓரத்தில் வெயில், மழைப் படம் வேறு. வெளியே வெயில் கொளுத்தும்போது அதில் மழை பெய்யும். ஒரு சன்னலைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் அது திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் பழைய வார்த்தைகளின் உருவம் ஒன்றும் இல்லை, சின்னச் சின்னப் படங்கள்தான் இருந்தன. கத்தரிக்கோல் எதற்கு, பேனா எதற்கு என்று புரியாமல் எதையாவது அழுத்திவிட்டுப் பயந்து உட்கார்ந்திருப்பேன்.

இவற்றை எல்லாம் பழகியிருப்பேன். பழக முடியாதது ஒன்றுதான். மலை போய்விட்டது. அந்த இடத்தில் நீலத்தில் ஏதோ பூ மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு படம். மஞ்சள் பைகள் எல்லாம் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரிசை கட்டி நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்து வலது பக்கம் விட்டேன். விட்ட கையோடு திரும்பி ஓடி வரிசையில் நின்றுகொண்டது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் ஓடியது.

கணக்குத் தங்கச்சி அடுத்த மேசையில்தான் இருந்தார். “இது ஏன் இப்படி ஓடுது?” என்று கேட்டிருக்கலாம். கேட்டால், “ஏண்ணே, வரிசையா இருக்கறது நல்லதுதான?” என்பார். அப்போது எதற்காக இழுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வாசிக்கத் தெரியாது என்பது வெளியே வரும். முதலாளிக்குத் தெரிந்துவிடும், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் தெரிந்துவிடும். அன்று முழுதும் பையை இழுத்து இழுத்துப் பார்த்தேனே தவிர, நான் கேட்கவில்லை.

எல்லாம் வந்திருக்கிறதா சரிபார்க்கலாம் என்று சொல்லித் தங்கச்சியை ஒரு தடவை வரிசையாக வாசிக்க வைத்து, வரிசையையே மனப்பாடம் செய்தேன். பெயர்களை எழுத்தாகப் பார்க்காமல் உருவமாகப் பார்த்தேன். இது நீளமானது, இது தொடக்கத்தில் வளைந்தது, இது நடுவில் இரண்டு குச்சி உள்ளது என்று. அப்படியும் ஒரு சங்கடம் இருந்தது. குரங்கணி மாமாவுக்கும் தேவாரத்திலிருந்து வரும் இன்னொரு தோட்டக்காரருக்கும் ஒரே பெயர். எங்கள் பக்கம் குலசாமி பெயரை வைப்பதால் ஒரு தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். மலைப்படத்தில் ஒருவர் வலது கோடி, ஒருவர் இடது கோடி. அப்போது அது எனக்குத் தொந்தரவாகவே இல்லை. வரிசையில் ஒருவருக்குக் கீழ் ஒருவர் நின்றார்கள். பெயருக்குப் பின்னால் தங்கச்சி ஊரையும் இங்கிலீஷில் போட்டிருந்தாராம். எனக்கு அது நீளமான ஒரே வாலாகத் தெரிந்தது. மேலே இருப்பது மாமா, கீழே இருப்பது தேவாரத்துக்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. தேவாரத்துக்காரரின் காய் அந்த முறை வெளுத்தும் வெடித்தும் வந்தது. மாமாவின் காய் வழக்கம்போலப் பச்சையாக இருந்தது. உலர்த்தும் அறையில் சூட்டைப் பார்த்துக்கொண்டு கூடவே கிடப்பார். நிறம்தான் அவருக்கு மானம். “என் காயத் தட்டுல போட்டா கொத்தமல்லித் தழையே வெக்கப்படணும்” என்பார்.

இரண்டு பேருடைய மூட்டையும் ஒரே நாளில் இறங்கின. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காயை இன்னொரு தோட்டக்காரர் பார்க்கக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் தட்டின் மேல் தாளைப் போட்டு மூடிவிடுவோம். ஒருவர் காய் நன்றாக வந்ததும், மற்றவர் காய் கெட்டதும் கடையைத் தாண்டக் கூடாது. அந்த நம்பிக்கையில்தான் மலையே எங்களிடம் வருகிறது.

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதியிருப்பதாகத் தங்கச்சி சொன்னார். அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதாம். வாசலில் மூட்டைகள் காத்துக் கிடந்தன. முதலாளி, “வெரசா ஆகட்டும்ப்பா” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒருவழியாகத் திறந்தபோது வரிசை மாறியிருந்தது. மேலே இருந்தவர்கள் கீழே, கீழே இருந்தவர்கள் மேலே. ஒவ்வொரு உருவமாகத் தேடினேன். ஒரே பெயர் இரண்டு முறை அடுத்தடுத்து நிற்கும் இடத்தைக் கண்டதும் நிம்மதி வந்தது. மாமாவின் படத்தை மேலே உள்ள பையில் போட்டேன். தேவாரத்துக்காரர் படத்தைக் கீழே உள்ளதில் போட்டேன். மொத்த வரிசையும் கவிழ்ந்திருந்தால் அந்த இருவரும் கவிழ்ந்திருப்பார்கள் என்று அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே மாமா வந்துவிட்டார். மழையில் ஜீப் ரோடு சேறாகக் கிடந்தும் வந்தார். சாக்கைப் போட்டு உட்காரவில்லை. போனை என் மேசையில் வைத்தார்.

“மாப்ளே, இது என் காயா?”

வெளுத்து, வாய் பிளந்து கிடந்த காய். மேலே அவர் பெயர்.

“இல்ல மாமா.”

“அப்ப என் காய் எங்க?”

தங்கச்சி தேடிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “தேவாரத்து அய்யா போல்டர்ல இருக்குண்ணே. வியாபாரிக்கும் அப்படியே போயிருச்சு. இப்பவே மாத்தி அனுப்பிர்றேன்.”

அங்கேதான் சிக்கல். தேவாரத்துக்காரர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி முறை. மாமா முதலாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்பிடி மாறுச்சு?”

“கை தவறிருச்சு மாமா.”

“கை தவறுனா ஒண்ணு மாறும். இங்க ரெண்டும் மாறியிருக்கு. அவரு கெட்ட காய் எனக்கு, என் நல்ல காய் அவருக்கு.”

முதலாளி எழுந்து வந்தார். “ஏப்பா, இத்தன வருசம் மாறாதது எப்பிடி மாறும்? பேரப் பாத்துத்தான போட்ட?”

“ஊர்ப் பேரும் பக்கத்துலயே இருக்கேண்ணே,” என்றார் தங்கச்சி. குத்திச் சொல்லவில்லை. அவருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மாமா குரலைத் தாழ்த்தி, “நீயாச் செஞ்சியா, செய்யச் சொன்னாங்களா? அத மட்டும் சொல்லு. நான் வேற ஒண்ணும் கேக்கல” என்றார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது மாமா, மலை இல்லாமல் உங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நான் தட்டில் கிடந்த காயை விரலால் ஒதுக்கிக்கொண்டே நின்றேன். முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று அவர் தானாக எடுத்துக்கொண்டார். போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். கடையின் பின்பக்கம் கிட்டங்கியில் அடுக்கியிருந்த தன் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். அவை கடைத்தெருவின் அடுத்த கோடியில் உள்ள வேறொரு கடையில் போய் இறங்கின. அன்று சாயங்காலத்துக்குள் படங்கள் திருத்தி அனுப்பப்பட்டன, வியாபாரியும் சரி என்றார். மாமா திரும்பி வரவில்லை. குரங்கணிச் சரிவிலிருந்து வேறு சிலரும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வீட்டில் சோறு போடும்போது என் மனைவி, “எப்பவும் பேச மாட்டீக, இப்ப நிமுந்துகூடப் பாக்க மாட்டேங்கிறீக” என்றாள். உடம்பு சரியில்லை என்றேன்.

கார்த்திகையில் ஒரு நாள், யாரும் இல்லாத நேரமென்று நினைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நான் வரைந்து வைத்திருந்த மலையை விரித்துத் திரையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பை எங்கே இருந்தது என்று புள்ளி வைத்திருந்தேன். தங்கச்சி தேநீர் கிளாசோடு பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“இது என்னண்ணே, நம்ம மலையா? எதுக்குப் புள்ளி?”

மடித்து வைக்கப் பார்த்தேன். பிறகு என்னவோ, அன்று சொல்லிவிட்டேன். தலையைத் தூக்காமல் முழுவதையும் சொன்னேன். அவர் கிளாசை வைத்துவிட்டு எலியை வாங்கினார். வலது பொத்தானை அழுத்தி ஏதோ ஒரு வரிக்குப் பக்கத்தில் இருந்த சரிக்குறியை எடுத்தார்.

“இப்ப இழுங்கண்ணே.”

இழுத்தேன். விட்ட இடத்தில் நின்றது.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றியவற்றுக்குள்ளே மலைப்படத்தையும் தேடி எடுத்துப் போட்டார். “பேரக்கூடத் தமிழ்லயே அடிச்சுரலாம்ணே. இதுல அது சுலபம். கேட்டிருந்தா ரெண்டு நிமிசச் சோலி,” என்றார். பிறகு, “எனக்கே இதுல பாதி தெரியாது. போன்ல தேடிப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க என்னய என்னமோன்னு நெனச்சுட்டீக” என்றார்.

அவர் அடிக்க அடிக்க ஒவ்வொரு பைக்கும் கீழே தமிழ்ப் பெயர் வந்தது. அத்தனை வருடமும் படமாகப் பார்த்தவர்களை முதல் முறையாகப் பெயராக வாசித்தேன். இரண்டு நிமிடம் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்குப் போனேன். மாமா காய் உலர்த்தும் அறையின் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வா” என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பாலில்லாத கட்டங்காப்பி தந்தார். குடித்து முடிக்கும்வரை மழை, கூலியாள் கிடைக்காதது என்று பேசினோம். வெளியே வந்து அவர் மறுபடி விறகை எடுத்தபோது சொன்னேன். வாசிக்கத் தெரியாததையும், வரிசை கவிழ்ந்ததையும் சொன்னேன்.

அவர் விறகுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“அப்ப மலையில என்னய வச்சது…”

“அதப் பாத்துத்தான் மாமா கண்டுபிடிப்பேன்.”

“அடப்பாவி. நான் கண்டமேனிக்கு மேல தள்ளு, கீழ தள்ளுன்னேனே. உன் சோலியவே கெடுத்திருப்பேன் போல.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் முகம் மாறியது.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னய நாலு வார்த்த வஞ்சிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். எனக்கு மட்டும் இங்கிலீசு தெரியுமாக்கும்? படத்துல என் காய் இல்லன்னு பாத்துத்தான ஓடி வந்தேன்.”

“இனிமே வாங்க மாமா.”

அவர் கட்டையை அடுக்கின் மேல் வைத்தார்.

“முடியாது மாப்ளே. அந்தக் கடையில வாக்குக் குடுத்துட்டேன். அங்க இருந்து மூட்டைய எடுத்தா, அந்த ஆளு என்ன தப்புச் செஞ்சான்னு ஊரு கேக்கும். உங்க கடைக்கு ஒருவாட்டி அப்பிடிப் பண்ணிட்டேன். காரணமில்லாமப் பண்ணியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது. இன்னொருத்தனுக்கும் பண்ணவா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சொன்னது நியாயம். ஜீப் வரும்வரை கூட நின்றார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார்.

“என் வீட்ட மலையிலருந்து எடுத்துட்டியா?”

“அங்கதான் இருக்கு மாமா.”

“இருக்கட்டும். கொஞ்சம் மேல தள்ளி வை.”

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் தள்ளி வைத்தேன். அதில் இப்போது படம் எதுவும் விழுவதில்லை. பருவம் முடிந்து, வராதவர்களுடைய போல்டர்களை எடுத்துவிடலாமா என்று தங்கச்சி கேட்டபோது, இது ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சந்தை நாளில் மாமாவின் ஜீப் எங்கள் கடையைத் தாண்டித்தான் அந்தக் கோடிக்குப் போகிறது. போகும்போது கையைத் தூக்குகிறார். நானும் தூக்குகிறேன்.

ஐப்பசியில் வாயால் சொல்லாததை இன்றைக்குத்தான் எழுதி முடித்தேன்.

பங்குனி மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை.